கணினி படிக்காத வரி

இன்று காலை பத்து மணிக்குப் பவித்ரா போன் செய்தார். வில்லியனூரில் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த அலுவலகத்தில், நான் ஓய்வுபெற்ற பிறகு கம்ப்யூட்டர் பொறுப்புக்கு வந்தவர் அவர். நேரில் பார்த்தது இரண்டு முறைதான். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். நலமா, சாப்பிட்டீர்களா என்று இழுக்கமாட்டார். எனக்கு அது பிடிக்கும்.

“சார், எல்லாத்தையும் இன்டர்நெட்டுக்கு மாத்துறோம். சர்வரு, டிரைவு எதுவும் இனிமே இல்ல. பழைய லாகான் ஸ்கிரிப்டைத் தூக்கலாம்னு தொறந்தேன். அதுல நீங்க எழுதுன ரெண்டு வரி இருக்குது.”

“படிங்க” என்றேன். எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது.

“மொத வரி, ‘கீழே இருப்பதை மல்லிகாவைக் கேட்காமல் அழிக்காதீர்கள்.’ ரெண்டாவது, ‘காரணம் நான்.’ பக்கத்துல கலியபெருமாள்னு உங்க பேரு. இன்னா காரணம் சார்?”

“மொதல்ல மல்லிகாவைக் கேளுங்க.”

“சரி, கேட்டுட்டுக் கூப்புடுறேன்” என்று வைத்துவிட்டார்.

மல்லிகா இப்போதும் அங்கேதான் இருக்கிறார். கவுண்டர் மொத்தமும் அவர் பொறுப்பு. அவர் அந்த இரண்டு வரிகளைப் பார்த்ததே கிடையாது. இப்படிப்பட்ட வரிகளின் தொடக்கத்தில் ஒரு குறி போடுவோம். அந்தக் குறி இருந்தால் கணினி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். பின்னால் வருகிற மனிதர்களுக்காக எழுதிவைப்பது. அந்த ஃபைலை என் காலத்தில் என்னைத் தவிர யாரும் திறந்ததில்லை. ஆக, யாரும் படிக்காத இடமாகப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். பவித்ரா திரும்பக் கூப்பிடுவதற்குள் அதன் கதையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகம் நெல் அறுக்கும் வண்டிகளை வாடகைக்கு விடும் தனியார் அலுவலகம். டயர் வண்டி நான்கு, பெல்ட் வண்டி மூன்று. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, ஈரம் நிற்கும் வயலுக்குப் பெல்ட் வண்டி. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்துகளிலிருந்து விவசாயிகள் வந்து பதிவு செய்வார்கள். பெயர், ஊர், எத்தனை காணி, நட்ட தேதி. கையில் ஒரு டோக்கன் கொடுப்போம். பிறகு அந்தப் பதிவுகளை வைத்து ‘முறை’ போடுவோம். எந்த நாள், எந்த வயலுக்கு, எந்த வண்டி என்பதுதான் முறை. தை, மாசியில் எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் நெல் முற்றும். முறையில் பெயர் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டைப்ரைட்டிங்கில் ஹையர், பாண்டியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்பு, அரியாங்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மூன்று வருடம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இரண்டு கணினிகள். பத்து வருடத்தில் ஒன்பது ஆயின. அவற்றுக்குப் பொதுவாக உள்ளறையில் ஒரு சர்வர். அதற்குச் ‘சங்கராபரணி’ என்று பெயர் வைத்தவர் முதலாளி. ஊர் ஆற்றின் பெயர் இருந்தால் ஆபீஸ் வற்றாது என்பது அவர் கணக்கு. கோடையில் அந்த ஆறு எப்படிக் கிடக்கும் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

முதலாளி பரம்பரையாக வியாபாரக் குடும்பம். கணினியைத் தொடமாட்டார். ஆனால் கோளாறு என்று போனால் அவர் கேட்கும் இரண்டு கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிடும். “நேத்து இருந்துச்சா?” என்பார். இருந்தது என்றால், “அப்புறம் இன்னா மாறுச்சு?” என்பார். மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது, யார் மாற்றினார்கள் என்பது. அதை அவர் கேட்கவேமாட்டார். ஒருமுறை காரணம் சொன்னார். “அதக் கேட்டா பயந்துகினு பொய்யி சொல்லுவான். அப்புறம் கோளாறு எங்கன்னு தெரியவே தெரியாது.” நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

டிரைவ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வர் என்பது உள்ளறையில் இருக்கும் பொது அலமாரி. கவுண்டரில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் அதைத் திறக்க முடியாது. அதனால் அவர் திரையிலேயே அந்த அலமாரிக்கு ஒரு எழுத்தைக் கொடுத்துவிடுவோம். எஸ் என்றால் முறைப் பதிவு, எஃப் என்றால் ஸ்பேர் பார்ட்ஸ். காலையில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன ஃபைல் தானாக ஓடி இந்த எழுத்துகளைக் கட்டிவிடும். அதுதான் லாகான் ஸ்கிரிப்ட். எழுத்து வந்துவிட்டால் ஊழியருக்குப் போதும். அந்த எழுத்துக்குப் பின்னால் எந்த அலமாரி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் வேலையில் பாதி, “சார், டிரைவ் காணோம்” என்ற குரலுக்கு எழுந்து போவது. பெருக்குகிறவரின் துடைப்பம் பட்டு ஒயர் கழன்றிருக்கும். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நாள் ஆகியிருக்கும். ஒரு சமயம் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் குணசேகரனுக்கு மட்டும் தினமும் எஃப் டிரைவ் வராது. மதியம் வந்துவிடும். மறுநாள் காலை மறுபடியும் இருக்காது. நான்கு நாள் ஒயரை மாற்றினேன், ஸ்கிரிப்டை மாற்றினேன், ஆளைத்தான் மாற்றவில்லை. முதலாளியிடம் போனேன்.

“நேத்து இருந்துச்சா?”

“மத்தியானம் இருந்துச்சு முதலாளி.”

“காலையிலேர்ந்து மத்தியானத்துக்குள்ள இன்னா மாறுச்சு?”

அடுத்த நாள் காலை குணசேகரன் பக்கத்தில் போய் நின்றேன். மனிதர் வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் சொருகினார். அதன் பிறகுதான் கணினியையே போட்டார். முழுக்கப் பாட்டு. பென் டிரைவ் முதல் ஆளாகப் போய் எஃப் என்ற எழுத்தில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த ஸ்கிரிப்டுக்கு இடமில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது பென் டிரைவை எடுத்துக்கொண்டு கணினியையும் நிறுத்திவிடுவார். வந்து போட்டால் எல்லாம் சரியாக இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸுக்கு வேறு எழுத்து கொடுத்தேன். குணசேகரனுக்கு ஒரு வாரம் ‘பாட்டு வாத்தியார்’ என்று பெயர்.

இன்னொரு கோளாறுக்கு நான் கண்டுபிடித்த வழி அவ்வளவு சிரிப்பாக முடியவில்லை. காலையில் மெயின் சுவிட்சைப் போட்டால் ஒன்பது கணினிகளும் சடசடவென்று எழுந்துவிடும். அவற்றை சர்வரோடு சேர்க்கும் பெட்டி எழுந்திருக்க மூன்று நிமிடம் ஆகும். அவசரக்காரர்கள் அதற்குள் பாஸ்வேர்டு போட்டு நுழைந்துவிடுவார்கள். நெட்வொர்க் இல்லாததால் ஸ்கிரிப்ட் ஓடாது, எழுத்துகள் வராது, கவுண்டரில் விவசாயிகள் நின்றுகொண்டிருப்பார்கள். நான் ஒரு குறுக்கு வழி சொன்னேன். மாலையில் யாரும் லாக் ஆஃப் செய்ய வேண்டாம், கணினியை நிறுத்தவும் வேண்டாம். திரையைப் பூட்டிவிட்டு மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது, அந்தப் பெட்டிக்கும் அதிலிருந்தே கரன்ட் கொடுத்துவிட்டேன். மறுநாள் பூட்டைத் திறந்தால் எழுத்துகள் அப்படியே இருக்கும். இதை டைப் அடித்து லேமினேஷன் செய்து ஒவ்வொரு மானிட்டரிலும் ஒட்டினேன். சிக்கல் ஒரே நாளில் தீர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் புது சர்வர் வந்தது. மார்கழி பிறந்துவிட்டால் முதலாளி புதிதாக எதையும் தொடங்கவிடமாட்டார். அதனால் கார்த்திகைக் கடைசியில் அவசர அவசரமாக மாற்றினோம். புதியதற்கும் ஆற்றின் பெயர்தான், ‘பெண்ணை’. குங்குமம், சந்தனம் வைத்து, சூடம் காட்டி ஓடவிட்டோம். பழைய சங்கராபரணியை நிறுத்தலாமா என்று கேட்டேன்.

“ஓடிக்கினு இருக்கறத மார்கழியில நிறுத்தாத. தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்” என்றார் முதலாளி.

சரி என்றேன். ஓடட்டும் என்று அவர் சொன்னது மெஷினைத்தான். அதில் யாரும் எழுத முடியாதபடி நான் பூட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. எல்லாரும் புதியதற்குப் போய்விட்டார்கள், பழையதில் யார் எழுதப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஃபைல்களை எல்லாம் பெண்ணைக்கு நகல் எடுத்து, எஸ் என்றால் இனிமேல் பெண்ணை என்று ஸ்கிரிப்டை மாற்றினேன். ஆனால் ஸ்கிரிப்ட் ஓட வேண்டுமானால் ஒருவர் வெளியே போய் மறுபடி உள்ளே வரவேண்டும். யாரும் லாக் ஆஃப் செய்யாத அலுவலகம் அது, என் புண்ணியத்தில். அதனால் நோட்டில் ஒன்பது பெயர்களை எழுதிக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாகப் போனேன். லாக் ஆஃப் செய்யச் சொல்லி, மறுபடி நுழையச் சொல்லி, பெயருக்கு எதிரே டிக் போட்டேன். எட்டு டிக்.

ஒன்பதாவது மல்லிகா. பண்டசோழநல்லூர்க்காரர், பாகூர், நெட்டப்பாக்கம் பக்கப் பதிவுகள் அவரிடம். தங்கை வளைகாப்புக்கு இரண்டு நாள் விடுப்பில் இருந்தார். அவர் கணினி பூட்டியிருந்தது, உள்ளே ஃபைல் திறந்திருக்கலாம். ஆள் இல்லாத இருக்கையில் நான் கை வைப்பதில்லை, அது ஒரு கொள்கை. அவர் பெயருக்கு எதிரே ‘வந்ததும்’ என்று எழுதினேன். அவர் வந்த அன்று இரண்டு பிரிண்டர்கள் ஒன்றாக மக்கர் செய்தன. நோட்டை மூடி வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

மல்லிகா பூட்டைத் திறந்தார், எஸ் டிரைவ் இருந்தது, தன் ஃபைலைத் திறந்தார், எழுதினார். மார்கழி முழுக்க எழுதினார். எல்லாம் பழைய சங்கராபரணியில் போய் உட்கார்ந்தன. கவுண்டரில் இருந்தவர்கள் ஆளுக்கொரு ஃபைல் வைத்திருந்ததால் ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முறை போடுகிற ராஜவேலு மட்டுமே எல்லா ஃபைல்களையும் பார்ப்பார். அவர் பார்த்தது பெண்ணையில். அங்கே மல்லிகாவின் ஃபைல் இருந்தது, கார்த்திகை வரை சரியாக. அதனால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை.

தை பிறந்து முறை போட்டு வண்டிகள் கிளம்பின. ஒரு வாரம் ஆகியிருக்கும், கடலில் காற்றழுத்தம், இரண்டு மூன்று நாளில் மழை என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் காலை குருவிநத்தத்திலிருந்து அஞ்சலை என்ற அம்மா வந்தார். தனி ஆளாக இரண்டு காணி பயிர் வைப்பவர். ஆற்றோரத் தாழ்ந்த நிலம், பெல்ட் வண்டிதான் இறங்கும். கவுண்டரில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அஞ்சலை டோக்கனை மேசைமேல் வைத்தார்.

“வண்டி எப்ப வரும்னு கேட்டா, உங்க பேரே இல்லன்றான் டிரைவரு. இன்னாமா இது? பேரு எழுதுனியா இல்லியா?”

“எழுதியிருக்கறன்மா. இருங்க காட்டுறேன்” என்று மல்லிகா திரையைத் திருப்பினார். “இதோ பாருங்க, அஞ்சலை, குருவிநத்தம், ரெண்டு காணி.”

உள்ளேயிருந்து ராஜவேலு குரல் கொடுத்தார். “இங்க இல்லியே. மல்லிகா ஃபைலத்தான் தொறந்து வெச்சிருக்கறன். கார்த்திகையோட நிக்கிது.”

“அது எப்படி சார், இங்க இருக்குதே.”

“இப்ப ஒக்காந்து அடிச்சா இருக்காதா?”

ராஜவேலு கெட்ட மனிதர் அல்ல. முறை குழம்பிவிட்டதே என்ற எரிச்சலில் வந்த வார்த்தை அது. ஆனால் அஞ்சலை அதைப் பிடித்துக்கொண்டார்.

“அதானே பாத்தேன். பண்டசோழநல்லூரு வயலுக்கெல்லாம் வண்டி போயிக்கினு இருக்குது. உங்க ஊருக்காரன்னா எழுதுவ, எங்க ஊருன்னா துண்டுச் சீட்டக் குடுத்து அனுப்பிடுவியா? எவன்கிட்ட இன்னா வாங்குன?”

பண்டசோழநல்லூர்க்காரர்கள் முன்னாலேயே நட்டவர்கள், கார்த்திகையிலேயே பதிந்துவிட்டார்கள். அவர்கள் பெயர் முறையில் இருந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் அந்த நேரத்தில் அதை யார் யோசிப்பார்கள்? நின்றிருந்தவர்கள் தங்கள் டோக்கன்களை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். மல்லிகா மௌஸைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே சேர்ந்து ஆறு வருடம். கணவர் படுத்த படுக்கை, அந்தச் சம்பளத்தில்தான் வீடு. வாங்கிக்கொண்டு பெயரை விட்டுவிட்டாள் என்ற பேச்சு ஊர்களில் பரவினால் எந்த முதலாளியும் கவுண்டரில் வைத்திருக்கமாட்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் நின்று, எங்கள் தொழிலில் எவனும் முதலில் சொல்வதைச் சொன்னேன்.

“ரீஸ்டார்ட் பண்ணுங்க, பாக்கலாம்.”

“வேணாம் சார்” என்றார் மல்லிகா.

“ஒண்ணும் ஆகாது. பண்ணுங்க.”

“வேணாம் சார். இப்ப என் கண்ணுக்கு எதிர்ல இருக்குது. அமத்திட்டுப் போட்டு இதுவும் போயிடுச்சின்னா நான் எங்க சார் போயி நிப்பேன்?”

எனக்குக் கோபம்தான் வந்தது. கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்கே பாடமா என்று. ஆனால் அவர் மௌஸை விடவில்லை. வேறு வழியில்லாமல் அவர் பக்கத்தில் குனிந்து, எஸ் என்ற எழுத்தின் மேல் வைத்து அதன் விவரத்தைத் திறந்தேன். எந்த சர்வர் என்ற இடத்தில் சங்கராபரணி என்று இருந்தது.

என் நோட்டு ஞாபகம் வந்தது. எடுத்துவந்து அங்கேயே புரட்டினேன், அவர் பெயருக்கு எதிரே இன்னும் டிக் இல்லை. அவர் மட்டும் ரீஸ்டார்ட் செய்திருந்தால் எஸ் பெண்ணைக்கு மாறியிருக்கும். அஞ்சலை பெயர், மார்கழிப் பெயர்கள் அனைத்தும் எல்லார் கண்ணெதிரிலும் மறைந்திருக்கும். ராஜவேலு சொன்னது உண்மை என்று ஆகியிருக்கும். நானே அதை நிரூபித்துக் கொடுத்திருப்பேன்.

பெயர்கள் கிடைத்துவிட்டன. ஆனால் ‘இப்போது உட்கார்ந்து அடித்தது’ என்ற பேச்சுக்கு அது பதில் ஆகாது. உள்ளறைக்குப் போனேன். சங்கராபரணி தினமும் அலுவலகம் மூடியதும் அன்றைய ஃபைல்களை நகல் எடுத்து, பக்கத்தில் சொருகிய டிஸ்கில் தேதி போட்டு வைக்கும். அந்த வேலையையும் நான் நிறுத்தியிருக்கவில்லை. டிஸ்கைக் கழற்றிக்கொண்டு வந்து ராஜவேலு மேசையில் வைத்து ஒவ்வொரு நாளாகத் திறந்தேன். அஞ்சலையின் டோக்கனில் இருந்த நாளுக்கு முந்தைய நாள் நகலில் அவர் பெயர் இல்லை. அந்த நாள் நகலில் இருந்தது. இப்படிப் பதினான்கு பெயர்கள். ஒவ்வொன்றும் டோக்கன் கொடுத்த அன்றே ஏறியிருந்தது. ராஜவேலு டோக்கன் அடிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பதினான்காவது முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒழுங்காத்தான் எழுதியிருக்குது” என்றார்.

முதலாளி மதியம் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன்.

“நேத்து இருந்துச்சா?”

“இருந்துச்சு முதலாளி. பழைய சர்வர்ல.”

“இன்னா மாறுச்சு?”

“எஸ் டிரைவு. எட்டு பேருக்கு மாறுச்சு. மல்லிகாவுக்கு மாறல.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “யாரு பாக்க வேண்டியது?”

அந்த மூன்றாவது கேள்வியை அவர் வாயில் நான் கேட்டது அன்று ஒருநாள்தான். “நான்” என்றேன். வேறு சொல்ல வழியில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “பழச நிறுத்த வேணாம்னு சொன்னது நானு. அதையும் சேத்துக்க. இப்ப வெளிய போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. நாலு பேரு எதிர்ல பேரு கெட்டிருக்குது. நாலு பேரு எதிர்லயே சொல்லு” என்றார். பிறகு ராஜவேலுவைக் கூப்பிட்டு முறைப் பட்டியலை மேசையில் விரித்துக்கொண்டார்.

நான் வெளியே வந்தேன். கவுண்டரில் எட்டுப் பத்துப் பேர். மல்லிகா நிமிர்ந்து பார்த்தார். “சர்வர் மாத்துனதுல ஒரு சிக்கல். உங்க மேல ஒண்ணும் இல்ல” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். தலையை ஆட்டினார். நான் உள்ளே போய்விட்டேன். சொல்லிவிட்டேன் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். சொல்லிவிட்டதாக நானும் நினைத்துக்கொள்ள முயன்றேன். சர்வர் தானாக மாறிக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியாதா?

முதலாளி அன்று மதியம் சாப்பிடவில்லை. முறையில் அடுத்து இருந்தவர்களுக்கு அவரே ஒவ்வொருவராகப் போன் செய்து, நாளைத் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சினார். மழைக்குள் பதின்மூன்று பேர் வயலை அறுத்துவிட்டோம். பதினான்காவது அஞ்சலை. தாழ்ந்த நிலம், பெல்ட் வண்டி மூன்றும் ஈர வயல்களில் சிக்கியிருந்தன. ஒரு வண்டி வேலை முடிந்து கிளம்பிப் பாகூர் தாண்டும்போது மழை பிடித்துவிட்டது. அரை நாள் வித்தியாசம். இரண்டு நாள் பெய்த மழையில் அவர் நெல் மொத்தமும் சாய்ந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அறுத்தோம். ஒரு பகுதிக் கதிர்களில் நெல் முளைவிட்டிருந்தது.

அறுப்பு அன்று முதலாளி என்னை வண்டியோடு அனுப்பினார். வரப்பில் நின்றிருந்த அஞ்சலையிடம், “பேரு எழுதித்தான்மா இருந்தாங்க. மெஷின்ல வேற எடத்துல போயிடுச்சு” என்றேன். இங்கேயும் மெஷின்தான்.

அவர் சாய்ந்த நெல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எழுதித்தான் இருந்தாளா?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து, கவுண்டரில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் அஞ்சலை வந்தார். டோக்கன் எதுவும் கொண்டுவரவில்லை. மல்லிகா எழுந்து நின்றார், இன்னும் என்ன கேட்கப்போகிறாரோ என்ற பயத்தில்.

“ஒக்காருமா. நீ எழுதித்தான் இருந்தியாமே. அன்னிக்கு நாலு பேரு எதிர்ல நீ காசு வாங்குனன்னு சொன்னேன். இன்னிக்கு நாலு பேரு எதிர்ல சொல்றேன், நான் சொன்னது தப்பு. மனசுல வெச்சிக்காத.”

நெல்லை இழந்தவர் அவர். மன்னிப்பு கேட்டதும் அவர்தான். மல்லிகா கவுண்டருக்கு வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்தடி தூரத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், நான் ஒரு பிரிண்டரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

அந்த வாரமே சங்கராபரணியை நிறுத்தினேன். மானிட்டர்களில் ஒட்டியிருந்த லேமினேஷன்களைக் கிழித்தேன். மாலையில் எல்லாரும் கண்டிப்பாக லாக் ஆஃப் செய்ய வேண்டும் என்று ஆக்கினேன். ஸ்கிரிப்ட் முதலில் பழைய எழுத்துகளை எல்லாம் கழற்றிவிட்டுப் பிறகு புதிதாகக் கட்டும்படி மாற்றினேன். மல்லிகாவிடம், இனிமேல் இப்படி நடக்காது என்றேன்.

“அது சரி சார். நான் எங்க எழுதுறேன்னு எனக்குத் தெரியணும். எஸ்ஸுன்னா எஸ்ஸுன்னு நம்பித்தான எழுதுனேன்?” என்றார்.

அதனால் ஸ்கிரிப்டின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். காலையில் யார் நுழைந்தாலும் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வரும். ‘நீங்கள் இன்று எழுதுவது பெண்ணையில்.’ சரி என்று அழுத்தினால்தான் போகும். எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். “எங்க சார் எழுதுறேன், மேசையிலதான்” என்று குணசேகரன் தினமும் ஒரு தடவை சொல்வார். மல்லிகா மட்டும் ஒவ்வொரு நாளும் அதைப் படித்துவிட்டுத்தான் அழுத்துவார். அந்த வரிக்கு மேலேதான், ஒருநாள் அலுவலகத்தில் யாரும் இல்லாத சாப்பாட்டு நேரத்தில், அந்த இரண்டு வரிகளையும் எழுதினேன். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவரும் நானும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். என் ஓய்வு நாளில் மாலை போட்டதும் அவர்தான்.

இவ்வளவு எழுதி முடித்தபோது மணி நான்கு. பவித்ரா கூப்பிட்டார்.

“சார், மல்லிகா மேடம்கிட்ட படிச்சுக் காட்டுனேன். பொட்டி வர்ற அந்த வரிய எடுத்துடலாம்னாங்க. புதுசுலயும் எங்க எழுதுறோம்னு மேல தெரியணும், அது போதுமாம்.”

“சரி.”

“இன்னொண்ணும் சொன்னாங்க. ‘காரணம் நான்’ன்றத மொதல்ல எடுன்னாங்க.”

“ஏனாம்?” என்றேன்.

“நீங்க அன்னிக்கு டிஸ்க்க எடுக்க உள்ள போனப்ப, உங்க நோட்டு அவங்க டேபிள்மேல தொறந்தபடி இருந்துச்சாம். எட்டு டிக்கு, அவங்க பேருக்கு மட்டும் ‘வந்ததும்’னு. அப்பவே தெரியுமாம் சார். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தாங்களாம். அப்புறம் விட்டுட்டாங்களாம். எடுத்துடட்டுமா?”

எடுக்க வேண்டாம், நாளைக்கு நான் வருகிறேன் என்றேன். கவுண்டரில் எத்தனை மணிக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.